நாற்பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டவர்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்குப் படைப்புகள் தேவை என்று நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிய அன்றைக்கே ஹாஸ்டலில் முக்கால்வாசிப் பேர் கவிஞர்களாகிவிட்டார்கள். நிலா, நட்பு, அம்மா என்று மூன்று தலைப்புக்கும் ஏகப்பட்ட ஆட்கள். பேரவைச் செயலாளர் என்னிடம், "நீயாவது வேற ஏதாவது எழுதுடா" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் நான் குத்துச்சண்டையைப் பற்றி எழுதுகிறேன். என் ஒல்லி உடம்பைப் பார்த்தவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

குத்துச்சண்டை என்றதும் நம் பசங்களுக்கு ஞாபகம் வருவது முகமது அலி, மைக் டைசன், அப்புறம் 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படம். அலி 1980-ல் மெட்ராசுக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனவர். அவரை நமக்குத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் சொல்லப்போகிற ஆளை நம் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. ராக்கி மார்சியானோ. அமெரிக்காக்காரர். 1952 முதல் 1956 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியன். மொத்தம் 49 சண்டை. 49-லும் ஜெயம், அதில் 43 நாக்-அவுட். தோல்வி பூஜ்யம், டிரா பூஜ்யம். 32 வயதில், பட்டம் இடுப்பில் இருக்கும்போதே, "போதும்" என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார். ஒரு சண்டையிலும் தோற்காமல், டிரா கூட இல்லாமல் ரிங்கை விட்டு இறங்கிய ஹெவிவெயிட் சாம்பியன் இன்றுவரை அவர் ஒருத்தர்தான்.

எனக்கு அவர் அறிமுகமானது நம் நூலகத்தில். அட்டை கிழிந்துபோன ஒரு பழைய ஆங்கில விளையாட்டுப் புத்தகம். டிசைன் டேட்டா புக் தேடப் போய் கையில் கிடைத்தது அது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் மார்சியானோவின் அப்பா ஷூ கம்பெனித் தொழிலாளி, லாஸ்டிங் மெஷினில் வேலை பார்த்தவர் என்ற வரி மட்டும் ஒரே மூச்சில் புரிந்துவிட்டது. காரணம், எங்க அப்பாவும் லாஸ்டிங்தான்.

நம்மில் பலர் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக்காரர்கள், அதனால் லாஸ்டிங் என்றால் தெரியும். வெளியூர்ப் பசங்களுக்காகச் சொல்கிறேன். ஷூவின் மேல் தோலுக்கு அப்பர் என்று பெயர். கால் பாதம் மாதிரியே செய்த அச்சுக்கு லாஸ்ட் என்று பெயர். அப்பரை லாஸ்ட் மேல் மாட்டி, சுருக்கம் விழாமல் இழுத்து, ஓரத்தை அடியில் மடித்துப் படிய வைக்க வேண்டும். கட்டிங்கில் ஒரு தப்பு என்றால் தோல் வீண். லாஸ்டிங்கில் ஒரு தப்பு என்றால் தோல், தையல், கூலி எல்லாமே வீண். மெஷின்தான் இழுக்கிறது, ஆனால் அப்பரைச் சரியாகப் பிடித்துக் கொடுப்பது மனிதக் கை. நாள் முழுக்க நின்றபடி. அப்பாவின் வலது தோள் இப்போது தலைக்கு மேலே தூக்கினால் 'கடக்' என்று சத்தம் போடும். சட்டை மாட்டும்போது முதலில் அந்தக் கையைத்தான் விடுவார்.

மார்சியானோ பிறந்த ஊர் பிராக்டன், மாசசூசெட்ஸ் மாநிலம். பிறந்த தேதி 1923 செப்டம்பர் 1. அந்த ஊருக்கு 'ஷூ சிட்டி' என்றே பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்திலேயே அங்கிருந்து சிப்பாய்களுக்கு ஷூ போனது. அப்பா பியரினோ இத்தாலியிலிருந்து வந்தவர். முதல் உலகப் போரில் விஷவாயு பட்டு, உடம்பு கெட்டு, அதோடுதான் ஷூ கம்பெனியில் காலம் தள்ளினார். மகனுக்கு அந்த ஆலையின் வாசனையே பிடிக்காது. அங்கே மட்டும் வேலைக்குப் போகக்கூடாது என்பது அவர் மனதில் சின்ன வயதிலேயே விழுந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, பள்ளம் தோண்டி, ஐஸும் கரியும் ஏற்றி இறக்கி, கடைசியில் கொஞ்ச நாள் அதே ஷூ ஆலையிலும் வேலை பார்த்தார். குடும்பம் என்று ஒன்று இருந்தால் பிடிக்காத கேட்டுக்குள்ளும் நுழையத்தான் வேண்டியிருக்கிறது!

அவர் ஆசைப்பட்டது பேஸ்பாலுக்கு. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, 1947-ல் ஒரு அணியின் தேர்வுக்குப் போனார். சில வாரத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எறிவதில் குறி சரியில்லை. அதன் பிறகே முழுசாகக் குத்துச்சண்டை. நியூயார்க்கில் சார்லி கோல்ட்மன் என்ற வயதான பயிற்சியாளர். அவரிடம் போக பஸ்ஸுக்குக் காசு இல்லாமல், ஆலி கொலம்போ என்ற நண்பரோடு லாரியில் தொற்றிக்கொண்டு போவாராம். நம்மில் சிலர் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகிற கதை மாதிரியே இருக்கிறது.

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல். அவருக்கு உயரம் ஐந்தடி பத்தரை அங்குலம். எடை சுமார் 84 கிலோ. கை எட்டும் அளவு வெறும் 68 அங்குலம். ஹெவிவெயிட் சாம்பியன்களிலேயே குட்டைக் கை இவருக்குத்தான். கை நீளமாக இருப்பவன் தூரத்தில் நின்றே அடிக்கலாம். இவரால் முடியாது. பக்கத்தில் போனால்தான் அடி, பக்கத்தில் போவதற்குள் நான்கு அடி வாங்கியாக வேண்டும். கோல்ட்மன் இவரை நிமிர்த்தி நிற்க வைக்கப் பார்க்கவில்லை. இன்னும் குனிய வைத்தார். குனிந்து, எதிராளியின் கைக்கு அடியில் புகுந்து, முழங்காலிலிருந்து எழும்பும் பலத்தோடு வலது கையை வீசுவது. அந்த வலது கைக்கு 'சூசி கியூ' என்று செல்லப் பெயர் வேறு. நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள் கையை வீசிப் பழகினார், தண்ணீரின் தடை தோளை இறுக்கும் என்பதற்காக. செல்போனில் பழைய கறுப்பு வெள்ளைச் சண்டையை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "கை நீளம் பத்தல, அதான் உள்ளாற பூந்து வேலை செய்யறான்" என்றார். நான் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டது அது!

பட்டம் ஜெயித்தது 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. எதிரே ஜெர்சி ஜோ வால்காட், வயது 38. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ தரையில். அதுவரை அவர் விழுந்ததே இல்லை. 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். 13-வது ரவுண்டில் ஒரே ஒரு வலது கை, அதிக தூரம் கூடப் போகாத அடி, வால்காட் கயிற்றில் சாய்ந்து அப்படியே மடங்கிவிட்டார். அதற்கப்புறம் ஆறு தடவை பட்டத்தைக் காப்பாற்றினார். 1954-ல் எஸார்ட் சார்லஸோடு நடந்த இரண்டாவது சண்டையில் மூக்கு இரண்டாகப் பிளந்து ரத்தம் கொட்டியது. டாக்டர் நிறுத்துவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எட்டாவது ரவுண்டில் முடித்தார்.

ஆனால் நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமான சண்டை இவை எதுவும் இல்லை. 1951 அக்டோபர் 26, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரே ஜோ லூயிஸ்.

ஜோ லூயிஸ் யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1937-லிருந்து 1949 வரை கிட்டத்தட்ட 12 வருஷம் உலக சாம்பியன். 25 தடவை பட்டத்தைக் காத்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. மார்சியானோவுக்கும் சின்ன வயதிலிருந்து அவர்தான் ஹீரோ. 1942-ல் போர்க்கால நிவாரணத்துக்காக இரண்டு சண்டைகளின் சம்பளத்தைக் கொடுத்தவர் லூயிஸ். அப்படிப்பட்டவரை வருமான வரி பாக்கி துரத்தியது. கட்ட வழியில்லை. தெரிந்த தொழில் ஒன்றுதான். 1949-ல் ஓய்வு பெற்றவர் 1950-ல் திரும்பி வந்தார். எஸார்ட் சார்லஸிடம் தோற்றார். அப்போதும் நிறுத்த முடியவில்லை, கடன் நிற்கவில்லையே! 37 வயதில், முன்தலை வழுக்கை விழுந்து, 28 வயது மார்சியானோவுக்கு எதிரே வந்து நின்றார்.

எட்டாவது ரவுண்டில் ஒரு அடியில் லூயிஸ் கயிறுகளுக்கு நடுவே வெளியே சரிந்தார். கால் ஒன்று மட்டும் ரிங்குக்குள். அந்தப் படத்தை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஜெயித்தவன் குதிக்க வேண்டும் அல்லவா? மார்சியானோ பின்னால் லூயிஸின் அறைக்குப் போய் அழுதார்.

பிற்காலத்தில் லூயிஸ் காசுக்காக மல்யுத்தக் காட்சிகளில் இறங்கினார், லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட ஹோட்டலில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்கும் வேலை பார்த்தார். 1981-ல் இறந்தார்.

1956-ல் மார்சியானோ ஏன் நிறுத்தினார் என்பதற்கு எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொல்கிறார்கள். 1955 செப்டம்பர் 21-ல் ஆர்ச்சி மூரோடு நடந்தது கடைசிச் சண்டை. யாங்கி ஸ்டேடியத்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். இரண்டாவது ரவுண்டில் விழுந்து எழுந்து, ஒன்பதாவதில் மூரை வீழ்த்தினார். முதுகு வலி இருந்தது. மேனேஜர் ஆல் வைல் வருமானத்தில் சரிபாதி எடுத்துக்கொண்டார், அதில் கசப்பு. ஒரு சண்டைக்கு மாதக்கணக்கில் மலைப்பக்கம் முகாம், பெண்டாட்டி பார்பராவையும் மூன்று வயது மகள் மேரி ஆனையும் பார்க்கவே முடியாது. 1956 ஏப்ரல் 27-ல் குடும்பத்தோடு இருக்க விரும்புவதாகச் சொல்லி ஓய்வை அறிவித்தார். இவை எல்லாமே உண்மையாக இருக்கலாம். என் எண்ணம் வேறு. நிறுத்த முடியாத ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை மற்றவர்கள் பேப்பரில் படித்தார்கள். இவர் தன் கையாலேயே செய்து பார்த்தார். அதற்கு முன்னால் 1949 டிசம்பரில் கார்மைன் விங்கோ என்ற இளைஞர் இவர் அடியில் நினைவிழந்து, உயிருக்குப் போராடிப் பிழைத்தார், மறுபடி சண்டை போடவே இல்லை. அதையும் கூடவே பார்த்தவர் இவர்.

நிறுத்திய பிறகும் ஆசை விடவில்லை. 1959-ல் ஸ்வீடன்காரர் இங்கமார் ஜோஹான்சன் பட்டத்தை ஜெயித்ததும் இவருக்குக் கை அரித்தது. சுமார் ஒரு மாதம் பயிற்சி செய்து பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் விட்டுவிட்டார். 49 ஜெயத்தைவிட எனக்கு இந்த ஒரு மாதம்தான் பெரிதாகப் படுகிறது. ஜெயிக்கிற ஆள் எத்தனையோ பேர். ஆரம்பித்த பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் அபூர்வம். முகமது அலியாலேயே முடியவில்லையே. 1980-ல் லாரி ஹோம்ஸிடமும் 1981-ல் ட்ரெவர் பெர்பிக்கிடமும் அடி வாங்கிய பிறகுதான் நிறுத்தினார். 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. ஜார்ஜ் ஃபோர்மன் மட்டும் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்து 1994-ல் தன் 45-வது வயதில் பட்டத்தை ஜெயித்தார். அவரை உதாரணம் காட்டி யாராவது பேசினால் நம்பாதீர்கள். ஆயிரத்தில் ஒருத்தருக்கு நடந்தது அது.

மார்சியானோவை நான் சாமியாக்கவில்லை. குடும்பத்துக்காக நிறுத்தினேன் என்றவர் அதன்பின் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. விழா, விருந்து, வியாபாரம் என்று ஊர் ஊராகச் சுற்றினார். பேங்கை நம்பமாட்டார். எல்லாம் ரொக்கம்தான். பணத்தை எங்கெங்கோ ஒளித்து வைத்தார், அவர் போன பிறகு குடும்பத்தால் அதைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று அவர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். எங்க பாட்டி அரிசிப் பானையில் காசு வைத்த மாதிரி! சின்ன வயதில் காசில்லாமல் கிடந்தவனுக்குக் காசு வந்தாலும் பயம் போகாது போலிருக்கிறது. 1969 ஆகஸ்ட் 31 இரவு, அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன செஸ்னா விமானம் விழுந்து, அதில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். அதில் இவரும் ஒருவர். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள்.

அவர் விட்டுப்போன 49 என்ற எண்ணை வைத்து இன்றும் சண்டை. பழைய ஆட்களை அடித்து ஏற்றிய கணக்கு என்று சிலர் சொல்வார்கள். லூயிஸ் 37, வால்காட் 38, மூர் 38-க்கு மேல் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த எண்ணைத் தொடுவதற்கு எத்தனை பேர் முட்டி மோதினார்கள் பாருங்கள். 1985-ல் 48 ஜெயத்தோடு வந்த லாரி ஹோம்ஸ் அடுத்த சண்டையில் மைக்கேல் ஸ்பின்க்ஸிடம் தோற்றார். தேதி செப்டம்பர் 21, மார்சியானோவின் கடைசிச் சண்டை நடந்து சரியாக 30 வருஷம்! டென்மார்க்கின் பிரையன் நீல்சன் 49 வரை வந்து 1999-ல் ஐம்பதாவதில் சறுக்கினார். 2017-ல் ஃபிளாய்ட் மேவெதர் ஐம்பதைத் தொட்டார், தாய்லாந்தின் வன்ஹெங் மெனாயோதின் 54 வரை போனார். இருவரும் எடை குறைந்த பிரிவுக்காரர்கள். ஹெவிவெயிட்டில் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது.

பட்டம் ஜெயித்து 60 வருஷம் நிறைந்த 2012 செப்டம்பர் 23 அன்று பிராக்டனில் அவருக்குப் பெரிய வெண்கலச் சிலை திறந்தார்கள். வைத்த இடம் பிராக்டன் உயர்நிலைப் பள்ளி. அவர் பத்தாவதோடு ஓடிய பள்ளி! இதைச் சொன்னதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "படிக்காதவனுக்கு ஸ்கூல்ல செலை வைக்கறான், இங்க படிக்கறவனுக்கு பஸ் பாஸ் குடுக்கறதுக்கே ஆயிரம் கேள்வி கேக்கறான்" என்றார். அந்த ஊர் ஷூ ஆலைகள் பெரும்பாலும் மூடியாகிவிட்டது. ஷூ தைக்கிற வேலை கடல் தாண்டி வேறு வேறு நாட்டுக்குப் போயிற்று. அதில் ஒரு பங்கு எங்கள் ஊருக்கும் வந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஏழாவது, பீடி சுற்றும் அம்மா ஐந்தாவது. தங்கை பத்தாவது படிக்கிறாள். அப்பாவுக்கு 51 வயது. நாம் நான்காம் செமஸ்டரில் ஃபடீக் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஷாஃப்ட் ஒரே பெரிய லோடில் உடைவதில்லை. தாங்கக்கூடிய லோடுதான், ஆனால் லட்சம் தடவை, பத்து லட்சம் தடவை வரும்போது ஒரு சின்ன கீறலில் ஆரம்பித்து ஒருநாள் பட்டென்று போகும். அந்தப் பாடம் நடந்தபோது நான் போர்டைப் பார்க்கவில்லை. அப்பாவின் தோளை நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டீலுக்காவது ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே லோடு வைத்தால் எத்தனை தடவை என்றாலும் தாங்கும். மனுஷத் தோளுக்கு அந்த எல்லையை எந்த டேட்டா புக்கிலும் போடவில்லை.

மார்சியானோ கதையை முழுசாகச் சொல்லிவிட்டு, "நீயும் நிறுத்துப்பா" என்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

"அவன் கிட்ட துட்டு இருந்துச்சு, நிறுத்தினான்."

"லூயிஸ் கிட்ட இல்ல, அதான் நிறுத்தல. நீ லூயிஸ் மாதிரி ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"டேய், அவன் ஒலகத்துக்கே சாம்பியன்டா. என்னை இன்னாத்துக்கு அவனோட சேக்கற?" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "சேத்தா தப்பில்ல" என்று குரல் கொடுத்தாள். முழு பென்ஷன் வர 58 வயது ஆக வேண்டும், தங்கை படிப்பு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார். எண்ணியதும் அந்த வலது கை விரல்தான்.

நான் இன்னொன்றும் சொன்னேன். கேம்பஸ் இன்டர்வியூவில் எதுவும் அமையாவிட்டால், ஷூ கம்பெனியிலேயே மெயின்டெனன்ஸுக்கு டிப்ளமோ ஆட்களை எடுக்கிறார்கள், போகிறேன் என்று. அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கேட்டுக்குள் நீ வரக்கூடாது என்றார். மார்சியானோ மாதிரி எனக்கு அந்த வாசனை மேல் வெறுப்பு இல்லை. அப்பாவின் சட்டையில் வந்த வாசனை அது, அதில்தான் வளர்ந்தேன். அந்த மெஷினின் ஹைட்ராலிக்ஸ் எப்படி வேலை செய்கிறது, பிடித்துக் கொடுக்கிற ஆளின் தோள் ஏறாமல் டேபிள் உயரத்தை எப்படி மாற்றலாம் என்று ஒரு வரைபடம் கூடப் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமானால் நம் புராஜக்ட் கைடு சாரைக் கேட்டுப் பாருங்கள். "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் அவ்வளவு சொல்வதே பெரிசு என்பது உங்களுக்கே தெரியும்.

பேச்சு பொங்கல் லீவு முழுக்க நடந்தது. 58 என்றவரை இப்போது 55-க்குக் கொண்டுவந்திருக்கிறேன். நான் சம்பளம் வாங்கிய முதல் மாதத்திலிருந்து மறுபடி பேசலாம் என்று ஒப்பந்தம். அதுவரைக்கும் லாஸ்டிங்கை விட்டு செக்கிங் டேபிளுக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். கேட்டாரா என்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். "நாளைக்கு" என்றார்.